கை நடுங்கியது கொழுப்பு கரைந்ததால் அல்ல

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 47. உயரம் 154 செ.மீ., எடை 73 கிலோ. நாலு வருடமாகச் சுகர் இருக்கிறது. காலையில் கிளிமிப்பிரைடு 2 மி.கி., காலையும் ராத்திரியும் மெட்ஃபார்மின் 500 மி.கி. போடுகிறேன். சுகரின் மூன்று மாத சராசரி (HbA1c) 8.2 வந்திருக்கிறது. எடையைக் குறைக்கச் சொல்கிறார்கள். என் தம்பி மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். தினமும் 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து நாலு மாதத்தில் 9 கிலோ குறைந்துவிட்டான். எதிர் வீட்டு அக்கா ஒரு நாளைக்கு ஒரே வேளைதான் சாப்பிடுகிறார். நான் சஷ்டி, ஏகாதசி, வெள்ளிக்கிழமை எல்லாம் பல வருடமாக விரதம் இருக்கிறேன், எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை. போன மாதம் தம்பி மகன் சொன்னபடி ராத்திரி 8 மணியிலிருந்து மறுநாள் மதியம் 12 வரை இருந்து பார்த்தேன். மூன்றாம் நாள் காலை 11 மணிக்குக் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டியது. “கொழுப்பு கரையும்போது அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் அத்தை” என்றான். எனக்குப் பயமாக இருக்கிறது. எந்த முறையைப் பின்பற்றலாம்? (கரூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எந்த முறை நல்லது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த 11 மணி நடுக்கத்தைப் பேசிவிடுவோம். அது கொழுப்பு கரைந்ததன் அறிகுறி இல்லை. ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோனதன் அறிகுறி. நீங்கள் பயந்தது சரி.

நீங்கள் போடும் இரண்டு மாத்திரைகளும் ஒரே மாதிரி வேலை செய்பவை அல்ல. மெட்ஃபார்மின் கல்லீரல் வெளியே விடும் சர்க்கரையைக் குறைக்கும், அதைத் தனியாகப் போடுபவர்களுக்கு லோ சுகர் வருவது அபூர்வம். கிளிமிப்பிரைடு அப்படி இல்லை. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. அதனால்தான் அதை அன்றைய முதல் பெரிய சாப்பாட்டோடு போடச் சொல்கிறோம். நீங்கள் வழக்கம்போலக் காலையிலேயே மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பாட்டை மட்டும் 12 மணிக்குத் தள்ளியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இன்சுலின் வந்துவிட்டது, இட்லி வரவில்லை. நடந்தது இவ்வளவுதான். தம்பி மகனுக்கு 16 மணி நேரத்தில் எதுவும் ஆகாததற்குக் காரணம் அவன் எந்த மாத்திரையும் போடவில்லை என்பதே.

மறுபடி அப்படி வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், அல்லது பார்க்க நேரமில்லை என்றால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்துவிடுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். ஏறிய பிறகு ஒழுங்காகச் சாப்பிடுங்கள். சாக்லேட், பிஸ்கட் வேண்டாம். அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைத்துவிடும். உங்கள் மருத்துவரைப் பார்த்து மாத்திரையைச் சரிசெய்துகொள்ளும் வரை 16 மணி நேரம் சாப்பிடாமல் இருப்பதைத் தயவுசெய்து தொடராதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருவோம்.

தம்பி மகன் இருப்பது 16-க்கு 8 என்கிற முறை. ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். 2020-ல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 116 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு பிரிவினர் மதியம் 12 முதல் ராத்திரி 8 வரை மட்டும் சாப்பிட்டார்கள், மற்றவர்கள் வழக்கம்போல மூன்று வேளை சாப்பிட்டார்கள். என்ன சாப்பிட வேண்டும் என்று யாருக்கும் சொல்லவில்லை. நேரம் பார்த்துச் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது சராசரியாக ஒரு கிலோவுக்கும் சற்றுக் கீழே. மூன்று வேளை சாப்பிட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான் குறைந்தது. அதிலும் நேரக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் இழந்ததில் பெரும்பங்கு கொழுப்பு இல்லை, தசை. உங்கள் வயதில் தசை போனால் திரும்பச் சேர்ப்பது கஷ்டம். சாப்பிடும் சர்க்கரையைப் பெருமளவு உள்வாங்குவதும் தசைதான் என்பதால், அது கரைவது சுகர்க்காரருக்கு இரட்டை நஷ்டம்.

இரண்டு வருடம் கழித்துச் சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஒரு வருடம் முழுக்கக் கவனித்த ஆய்வு வந்தது. இதில் இரண்டு பிரிவினருக்கும் ஒரே அளவு குறைந்த கலோரிச் சாப்பாடு. ஒரு பிரிவினர் அதைக் காலை 8 முதல் மாலை 4-க்குள் முடித்துவிட வேண்டும், மற்றவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது. வருடக் கடைசியில் முதல் பிரிவினர் சராசரியாக 8 கிலோவும், மற்றவர்கள் 6.3 கிலோவும் குறைந்திருந்தார்கள். புள்ளியியல்படி இந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்த முடியாது. அளவைக் குறைத்ததால் இரு பிரிவினருக்கும் எடை இறங்கியது. கடிகாரம் தன் பங்குக்குப் பெரிதாக எதுவும் சேர்க்கவில்லை.

அப்படியானால் தம்பி மகனுக்கு 9 கிலோ எப்படிக் குறைந்தது? அவனிடமே கேட்டுப் பாருங்கள். ராத்திரி 11 மணிக்கு ஆப்பில் வரவழைத்த பிரியாணியும், ஆபீஸில் காலையில் குடித்த இரண்டு சர்க்கரை போட்ட டீயும் நின்றிருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் மறுநாள் மதியம் வரை எதுவும் கிடையாது என்று முடிவு செய்ததும் அவை தானாக விலகிவிட்டன. அவனுக்கு அது பொருந்துகிறது, இருக்கட்டும். அவனிடம் குறை சொல்ல எதுவுமில்லை. உங்கள் உடம்புக்கு அவன் கொடுத்த விளக்கம் மட்டும்தான் தவறு.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் விரதம் இருப்பதைச் சிகாகோவில் 100 பேரிடம் பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள். விரத நாளில் உடம்புக்குத் தேவையானதில் கால் பங்கு, மறுநாள் வயிறார. ஒரு வருடத்தில் எடை 6 சதவீதம் குறைந்தது, தினமும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு 5.3 சதவீதம். ஆனால் விரதப் பிரிவில் 38 சதவீதம் பேர் பாதியிலேயே விலகிவிட்டார்கள், மற்றப் பிரிவில் 29 சதவீதம் பேர். நீடித்துச் செய்ய முடியாத முறையால் என்ன பயன்? சமைக்கிற பெண்ணுக்கு இன்னும் கஷ்டம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீட்டில் எல்லோருக்கும் தாளித்துப் பரிமாறிவிட்டுத் தான் மட்டும் சும்மா இருக்க வேண்டும்.

5-க்கு 2 என்ற முறை இதைவிட எளிது. வாரத்தில் ஐந்து நாள் வழக்கமான சாப்பாடு, இரண்டு நாள் 500, 600 கலோரி மட்டும். இங்கிலாந்தில் மருத்துவர் மைக்கேல் மோஸ்லி 2012-ல் தொலைக்காட்சியில் விளக்கிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது. இதைச் சுகர் இருப்பவர்களிடமே சோதித்திருக்கிறார்கள் என்பதால் உங்களுக்குச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் 137 பேர், ஒரு வருடம். மூன்று மாத சராசரி குறைவதில் தினசரிக் கட்டுப்பாட்டுக்கு இது இணையாகவே இருந்தது. ஆனால் அங்கே மாத்திரையையும் இன்சுலினையும் விரதத்துக்குத் தக்கபடி மருத்துவர்களே குறைத்துக் கொடுத்தார்கள். 500 கலோரி என்றால் பட்டினி இல்லை. காலையில் இரண்டு இட்லி, கொஞ்சம் சாம்பார், மதியம் ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு காய்ப் பொரியலும், மாலையில் ஒரு டம்ளர் நீர்மோர். கிட்டத்தட்ட அவ்வளவு வரும். மாத்திரை சரியான பிறகு, உங்கள் வெள்ளிக்கிழமையை இப்படி மாற்றிக்கொள்ள மனசு ஒப்பினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எதிர் வீட்டு அக்காவின் ஒரு வேளைச் சாப்பாட்டை உங்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உங்கள் எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கிண்ணம் சுண்டலில் ஏழெட்டு கிராம். அத்தனையையும் ஒரே வேளையில் நம்மூர்ச் சாப்பாட்டில் அடக்கவே முடியாது. சோறுதான் அந்த இடத்தைப் பிடிக்கும். பல நாள் வெறும் தண்ணீரில் இருப்பது பற்றியும் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கலாம். 1965-ல் ஸ்காட்லாந்தில் ஆங்கஸ் பார்பியேரி என்பவர் 382 நாள் சாப்பிடாமல் இருந்தது உண்மைதான். 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு வந்ததும் உண்மை. ஆனால் டண்டீ நகர மருத்துவர்கள் கண்காணிப்பில், வைட்டமினும் உப்புச் சத்தும் கொடுத்து, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருந்தார்கள். வீட்டில் அப்படி இருப்பவர்களுக்குப் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம். பித்தப்பைக் கல்லும், யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்குவதும் வரலாம். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இன்னொன்றும் உங்கள் காதில் விழுந்திருக்கும்: 16 மணி நேரம் தாண்டினால் செல்கள் தங்கள் குப்பையைத் தாங்களே சுத்தம் செய்துகொள்ளும், அதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்று. ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் பரிசு கிடைத்தது நிஜம். அவர் அதைக் கண்டறிந்தது ஈஸ்ட் செல்களில். உங்கள் உடம்பில் எத்தனையாவது மணியில் அது கூடுகிறது என்று பார்த்துச் சொல்லும் பரிசோதனை நம்மூர் லேபில் எதுவும் இல்லை. அந்த 16 என்ற எண்ணுக்காக நீங்கள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

இனி உங்கள் சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் வருகிறேன். எடை ஏன் குறையவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் வரும் ஒரு அம்மாவின் நினைவு வந்தது. பூக்கடை வைத்திருக்கிறார், உங்களைவிட மூன்று நான்கு வயது பெரியவர். வெள்ளிக்கிழமை முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்து, மாலை விளக்கேற்றிய பிறகுதான் சாப்பிடுவார். “சனிக்கிழமை பார்த்தால் சுகர் எப்பவும் கூடத்தான் இருக்கு டாக்டர், சாமி சோதிக்கிறாரா?” என்று ஒரு நாள் கண் கலங்கினார். அடுத்த வெள்ளி இலையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். வாழையிலையின் நடுவே சோறு குவிந்திருந்தது, அதில் குழி செய்து சாம்பார். ஓரத்தில் இரண்டு உளுந்து வடை, ஒரு அப்பளம், பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர் நிறைய ஜவ்வரிசிப் பாயசம். இலை நுனியில் ஒரு ஸ்பூன் அளவுக்கு அவரைக்காய். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் பார்த்தபோது சுகர் 312. பன்னிரண்டு மணி நேரம் காய்ந்திருந்த உடம்புக்குள் இவ்வளவு மாவுச்சத்து ஒரே நேரத்தில் இறங்கினால் அப்படித்தான் ஏறும்.

அவருக்கு நான் விரதத்தை விடச் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்க வைத்தேன். பாயசத்தை ஒரு கரண்டிப் பிரசாதமாக்கினோம். இலையில் காயும் சுண்டலும் சோற்றின் இடத்துக்கு வந்தன, முதலில் அவற்றைச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் கொஞ்சம் சோறு. மாத்திரை நேரத்தையும் மாற்றினேன். அடுத்த மாதம் அதே வெள்ளிக்கிழமை இரவு 178 இருந்தது. அந்த அளவை எழுதிய சீட்டைப் பூ கட்டுகிற நாரில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

ஏகாதசியிலும் இதே கதைதான். சோறு கூடாது, அதற்குப் பதில் பலகாரம் என்பது நம் வழக்கம். ஆனால் அந்தப் பலகாரம் ரவா உப்புமா, ஜவ்வரிசிக் கிச்சடி, வாழைக்காய் பஜ்ஜி என்று வந்தால் சோறே தேவலை. விரதம் சாமிக்காக இருப்பது, மனசுக்கு நிம்மதி தருவது. அதை எடைக் கணக்கில் சேர்த்து, குறையவில்லையே என்று வருந்த வேண்டாம். மாதத்தில் ஏழெட்டு நாள் விரதம் என்றாலும் மீதி நாட்களில்தான் எடை தீர்மானமாகிறது.

அப்படியானால் அந்த மீதி நாட்களில் என்ன செய்யலாம்? நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதைத்தான்: காலைச் சாப்பாட்டை விடாதீர்கள், ராத்திரிச் சாப்பாட்டை முன்னால் இழுங்கள்.

காரணம் இருக்கிறது. அதே இரண்டு தோசையைக் காலையில் சாப்பிட்டால் ஏறும் சர்க்கரையைவிட ராத்திரி சாப்பிட்டால் ஏறுவது அதிகம். இரவில் இன்சுலின் சுரப்பதும் மந்தம், உடம்பு அதற்குச் செவிசாய்ப்பதும் மந்தம். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், சுகர் இருக்கும் 22 பேர் ஒரு நாள் காலையில் சாப்பிட்டார்கள், இன்னொரு நாள் மதியம் வரை சாப்பிடவில்லை. மதியமும் இரவும் இரண்டு நாளும் ஒரே சாப்பாடு. காலையை விட்ட நாளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும்கூட சர்க்கரை நன்றாகவே கூடியிருந்தது. 2018-ல் அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த எட்டு ஆண்களுக்கு ஐந்து வாரம், மதியம் 3 மணிக்கு முன்பே அன்றைய சாப்பாடு முழுவதையும் முடிக்க வைத்தார்கள். எடை குறையாமல் பார்த்துக்கொண்டும் இன்சுலின் வேலை செய்வது மேம்பட்டது, ரத்த அழுத்தமும் இறங்கியது. எட்டே பேர்தான், அதை வைத்துப் பெரிய முடிவுக்கு வர மாட்டேன். 3 மணியோடு அடுப்பை அணைக்க நம் வீட்டில் யாராலும் முடியாது. ஆனால் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பது தெரிகிறது.

உங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு எப்படி நடக்கும் என்று என்னால் ஊகிக்க முடியும். பிள்ளைகளுக்கு எட்டு மணிக்குத் தோசை. கணவர் ஒன்பதரைக்கு வருவார், அவருக்குச் சூடாகச் சுட வேண்டும். கடைசியில் பத்து மணிக்கு மேல், மாவு மிச்சத்தை வீணாக்கக் கூடாதே என்று மூன்று தோசை சுட்டு, மதியக் குழம்போடு நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் படுப்பீர்கள். தம்பி மகன் சொன்னபடி இருந்து பார்த்த அந்த மூன்று நாள் மட்டும் எட்டு மணிக்கு முடித்திருப்பீர்கள். என்னிடம் வரும் பெண்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுகிறார்கள். இந்த ஒரு வழக்கத்தைச் சுகர் மாத்திரையால் சரிசெய்ய முடியாது.

மாலை ஏழு மணிக்கு நீங்கள் முதலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். இதில் தப்பே இல்லை. இரண்டு இட்லி அல்லது ஒரு தோசை, நிறையக் காய் போட்ட சாம்பார், ஒரு கிண்ணம் பச்சைப்பயறோ சுண்டலோ, சாப்பிடுவீர்கள் என்றால் ஒரு முட்டை. கணவர் வரும்போது கூட உட்கார்ந்து ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துக்கொண்டு பேசுங்கள். மிச்ச மாவு ஃபிரிட்ஜில் இருக்கட்டும். மறுநாள் காலை எட்டு மணிக்குச் சாப்பாடு, மாத்திரை அதோடு. எண்ணிப் பாருங்கள், 13 மணி நேரம் வந்துவிட்டது. பசியும் அவ்வளவாகத் தெரியாது, நடுக்கம் வரும் வாய்ப்பும் குறைவு. இடையில் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்.

முதல் வாரத்தில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ சட்டென்று இறங்கினால் அதிலேயே மயங்கிவிடாதீர்கள். கல்லீரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் சர்க்கரை குறையும்போது அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் வெளியேறும், முதலில் இறங்குவது பெரும்பாலும் அதுதான். அப்புறம் மாதத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோ என்று போனாலே போதும். 73-லிருந்து 68-க்கு வந்தாலே மூன்று மாத சராசரியில் தெரியும். இடுப்பையும் ஒரு டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது என்பது கணக்கு. தராசு நகராத வாரங்களிலும் டேப் நகரும். சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் மொட்டை மாடியில் நடங்கள், வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்தாகச் செய்யுங்கள். தசையைக் காப்பாற்ற அது வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது “விரதம் இருக்கலாமா” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். “வேர்த்து நடுங்கியது, கிளிமிப்பிரைடைக் குறைக்கலாமா, மாற்றலாமா, விரத நாளில் அதை எப்போது போடுவது” என்று கேளுங்கள். லோ சுகர் எளிதில் வராத மாத்திரைகள் இருக்கின்றன. அவர் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைக்கு மாற்றினால் விரதம் இருப்பதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரும் இல்லாமல் நீண்ட நேரம் இருந்தால் உடம்பு வறண்டு ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் ஆபத்து உண்டு. இன்சுலின் போடுபவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக எதையும் தொடங்க வேண்டாம்.

ரமலான் நோன்பு இருக்கும் சுகர் நோயாளிகளுக்கென்று மருத்துவ உலகில் தெளிவான வழிகாட்டுதல் உண்டு. சர்க்கரை 70-க்குக் கீழே போனாலும், 300-ஐத் தாண்டினாலும் நோன்பை அப்போதே முடித்துவிட வேண்டும். நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு அவர்கள் மார்க்கத்திலேயே இருக்கிறது. உங்கள் சஷ்டிக்கும் இதே இரண்டு எண்களை வைத்துக்கொள்ளுங்கள். விரத நாளில் காலை 11-க்கும் மாலை 4-க்கும் விரலில் குத்திப் பாருங்கள். குத்திப் பார்ப்பதால் விரதம் கெடாது. கோயிலுக்குப் போகும்போது பையில் விபூதிப் பொட்டலத்தோடு ஒரு சின்னச் சர்க்கரைப் பொட்டலமும் இருக்கட்டும். வரிசையில் நிற்கும்போது நடுக்கம் வந்தால், தரிசனம் முடியட்டும் என்று காத்திருக்காமல் அங்கேயே வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.